பள்ளம் விழுந்த சீட்டில் ஒரு மாப்பிள்ளை

ஒரு சைக்கிள் சீட்டு எத்தனை வருசம் உழைக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால், அதில் உட்காருவது யார், மாற்றலாமா என்று முடிவு செய்வது யார் என்று திருப்பிக் கேட்பேன். ரெண்டும் ஒரே ஆளாக இருந்தால் சில வருசம். எங்கள் வீட்டில் உட்கார்ந்தது நான், முடிவு செய்தது அய்யா. இந்த ஏற்பாட்டில் எந்தச் சீட்டும் நூறு வருசம் உழைக்கும்.

அது அய்யா வாங்கிய சைக்கிள். நான் சிலேட்டைப் பிடிக்கக் கற்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்தது. அவருக்கு முழங்காலில் வலி வந்து மிதிக்க முடியாமல் போனபோது, உப்பளத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஊருக்கே கேட்கும்படி, "ஏலே, இனிமே இது ஒன் வண்டி" என்று கொடுத்தார். கொடுத்தது வண்டியை மட்டும்தான். அதைப் பற்றிப் பேசும் உரிமையைக் கடைசிவரை அவரே வைத்துக்கொண்டார்.

சீட்டு அந்தக் காலத்துத் தோல் சீட்டு. பின்னால் ரெண்டு சுருள் ஸ்பிரிங், முன்னால் மூக்கு, மேலே குஞ்சம் வைத்த ஒரு அழுக்கு உறை. மூக்குக்கு அடியில் ஒரு நட்டு இருக்கும். தோல் தளர்ந்தால் அதைத் திருகலாம், திருகத் திருகத் தோல் விறைப்பாகும். கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் இழுத்துக் கட்டுவோம் இல்லையா, அந்த மாதிரி. எங்கள் சீட்டில் அந்த நட்டை மரை முடியும்வரை அய்யாவே திருகி முடித்துவிட்டார். எனக்கு வரும்போது திருக ஒன்றும் மிச்சமில்லை.

கூடவே என் வேலை வேறு. எங்கள் ஊர் கடலாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவில். உப்பளம் சாயல்குடியைத் தாண்டிக் கடலோரத்தில். பேருக்குத்தான் மேற்பார்வை, பாத்தியில் இறங்காமல் ஒரு வேலையும் நடக்காது. சாயந்திரம் இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட உப்புத் தண்ணீரோடு சீட்டில் ஏறுவேன். ஊர் வந்து சேர்வதற்குள் தோல் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடும். ராத்திரி காயும். காலையில் தொட்டால் கருவாடு மாதிரி இருக்கும். உட்கார்ந்ததும் 'மொறுக்' என்று ஒரு சத்தம் வரும். சீட்டிலிருந்து வந்ததா, என்னிடமிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

வருசா வருசம் உப்பைக் குடித்துக் குடித்து நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளம் இறங்கியதில் பின்னால் இருந்த இரும்பு விளிம்பு மேலே வந்துவிட்டது. மூக்கு மட்டும் யாருக்கும் அடங்காமல் நிமிர்ந்து நின்றது. "அய்யா, சீட்டு மாத்தணும்" என்றேன்.

"எதுக்கு?"

"பள்ளம் விழுந்திருச்சு."

"பள்ளம் விழுந்தாத்தான் ஆளு வழுக்காம உக்கார முடியும். புதுச்சீட்டு வழுக்கி விட்டுரும்டா. இந்தத் தோலு ஒனக்கப்புறம் ஒம் மகனுக்கும் ஓடும்."

மகனுக்கும் ஓடுமாம். அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் மகன் பிறப்பானா என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் தோன்றியது.

எண்பதுகளின் முற்பகுதி அது. ஆனி மாதம் எனக்குக் கல்யாணம் முடிவானது, முகூர்த்தம் ஆவணியில். பெண் முதுகுளத்தூர்ப் பக்கம், அவள் அப்பா மிளகாய் வியாபாரி. சந்தைக்குச் சந்தை சைக்கிளிலேயே அலைகிற மனிதர். சீரோடு மாப்பிள்ளைக்குப் புதுச் சைக்கிள் ஒன்று செய்வதாகப் பேச்சில் ஒரு வார்த்தை விட்டிருந்தார். விட்டது ஒரு வார்த்தைதான், எங்கள் ஆத்தா அதைப் பத்து விரலாலும் பிடித்துக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில் போய், "எனக்கு ஒரு சீட்டாவது வாங்கிக்கிறேன்" என்றேன். ஆத்தா பதறிப்போனாள்.

"கூறு இருக்காடா ஒனக்கு? புதுச்சீட்டு போட்டா வண்டி மினுமினுங்கும். பொண்ணு வீட்டு ஆளுக போறப்ப வாறப்ப பாப்பாக. மாப்ளைக்குத்தான் நல்ல வண்டி இருக்கேன்னு நெனச்சு, சைக்கிள விட்டுட்டுச் சுவத்துக் கடியாரத்தக் குடுத்துட்டுப் போயிருவாக. ஆவணி வரைக்கும் வண்டி இப்பிடியே இருக்கட்டும். முடிஞ்சா இன்னுங் கொஞ்சம் துருப் பிடிக்கட்டும்."

அய்யா சீட்டை மாற்றவிடாததற்குக் காரணம், அது நல்ல சீட்டு. ஆத்தா மாற்றவிடாததற்குக் காரணம், அது மோசமான சீட்டு. ஒருவரையொருவர் ஒரு விசயத்திலும் ஒத்துக்கொள்ளாத தம்பதி, என் உட்காரும் இடத்தில் வந்து ஒன்றுசேர்ந்தார்கள்.

மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற ஊர் விலக்கில் ஒரு சைக்கிள் கடை உண்டு. அந்தக் கடைக்காரரிடம் காட்டினேன். பெருவிரலால் ரெண்டு அமுக்கு அமுக்கி, "இன்னும் பத்து வருசம் அசையாது. எண்ணெய் மட்டும் போடு" என்றார். பிறகுதான் தெரிந்தது, அவரிடம் விற்க ஒரு சீட்டும் இல்லை. இருந்திருந்தால் பத்து வருசம் பத்து நாளாகக் குறைந்திருக்கும்.

எண்ணெய் என்றதும் வீட்டிலிருந்த விளக்கெண்ணெயைப் போட்டேன். ரெண்டு நாள் தாங்கியது, மூன்றாம் நாள் மறுபடியும் கருவாடு. அப்போதுதான் கருவாடு போட உப்பு வாங்க எங்கள் உப்பளத்துக்கு வருகிற மீனவர் ஒருவர் யோசனை சொன்னார். கடற்கரையில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வீடு, சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருந்தவர்.

"தம்பி, உப்புத் தண்ணிய ஜெயிக்கிறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. சுறா எண்ணெய். எங்க வள்ளத்துக்குப் பூசுறோம்ல, கட்ட எப்பிடி இருக்கு பாத்தீகளா? கட்டையே தாங்குதுன்னா தோலு தாங்காதா?"

"வள்ளத்துல யாரும் ரெண்டு பக்கமும் காலப் போட்டு உக்காரலையே அண்ணே" என்றேன்.

"அது ஒங்க பாடு" என்று சொல்லிவிட்டு, மறுதடவை வரும்போது ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார்.

கல்யாணம் முடிவான மாப்பிள்ளை சுறா எண்ணெயைப் பூசிய சீட்டில் உட்கார்ந்து ஊருக்குள் வரக்கூடாது. அந்த வாடை இப்படி அப்படிப் போகிற வாடையில்லை. மறுநாள் எங்கள் தெரு நாய்கள் என்னை ஊர் எல்லைவரை வழியனுப்பின, சாயந்திரம் எல்லைக்கே வந்து கூட்டிக்கொண்டு போயின. அதில் ஒரு செவலை நாய்க்கு என்மேல் தனிப் பிரியம். நான் சைக்கிளை நிறுத்தினால் அது சீட்டுக்குக் கீழே படுத்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கும். உப்பளத்துப் பெண்கள் என்னைத் தூரத்தில் கண்டதும், "கருவாட்டு வண்டி வருதுடி, பூனையப் பிடிச்சுக் கட்டுங்க" என்பார்கள்.

வாடையோடு போயிருந்தால் பரவாயில்லை. உப்பில் விறைத்துக் கிடந்த தோல் சுறா எண்ணெயைக் குடித்ததும் துவண்டுவிட்டது. பள்ளமாக இருந்தது தொட்டிலானது. இருபக்கமும் இரும்பு, நடுவில் தொங்கல், முன்னால் அந்த மூக்கு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பேயாக வீசுகிற மாதம் வேறு. காலையில் கடலைப் பார்த்துப் போகும்போது காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மிதிக்க வேண்டும். குனிந்தால் உடம்பின் மொத்தப் பாரமும் எங்கே போய் இறங்கும் என்று சைக்கிள் மிதித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மிதிக்காதவர்களுக்குச் சொல்ல எனக்கு வெட்கம்.

ஒருநாள் காலை உப்பளத்தில் இறங்கினேன். இறங்கியது நான்தான், ஆனால் என்னில் ஒரு பகுதி இறங்கவில்லை. அங்கே ஒன்றுமே தெரியவில்லை. கிள்ளிப் பார்த்தேன். வேறு யாரையோ கிள்ளியது போல இருந்தது. மரத்துப்போயிருந்தது.

மத்தியானம் சரியாகிவிட்டது. சாயந்திரம் வீட்டில் இறங்கியதும் மறுபடியும். மறுநாளும் அப்படித்தான். கல்யாணம் ஆவணியில்!

அடுத்த சில நாள் எனக்கு ஓடிய புத்தியை இன்று நினைத்தாலும் அடிக்கத் தோன்றுகிறது. சீட்டைப் பற்றி ஒரு நொடிகூட நான் நினைக்கவில்லை. பக்கவாதம் அங்கிருந்துதான் தொடங்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கிடாவை ரெண்டு வருசமாகத் தள்ளிப்போடுகிறோமே, அதுவோ என்று நினைத்தேன். அதற்கும் மேலே, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ் ஞாபகத்துக்கு வந்தது. இளமையில் செய்த தவறுகளால் வாலிபம் இழந்தவர்களே, என்று விரலை நீட்டிக் கூப்பிடும் நோட்டீஸ். என்ன தவறு செய்தேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றுமே செய்யவில்லையே என்ற வருத்தம் வந்ததுதான் மிச்சம்.

ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். பெரிய தியாகி மாதிரி, கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல ராத்திரிச் சாப்பாட்டில் வாயைத் திறந்தேன். ஆத்தா அதில் ஒரு துண்டு மீனை வைத்து, "பத்திரிகை அடிச்சு வந்திருச்சு" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

லாட்ஜ் வைத்தியரிடம் போவது என்று தீர்மானமானது. மாதத்தில் ஒருநாள் ராமநாதபுரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டு உட்காருவார், பரம்பரை வைத்தியம். உப்பளத்தில் பல்வலி என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போனேன். மாடியில் வராந்தா நிறைய ஆம்பிளைகள், அத்தனை பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். நானும் ஒரு சுவரைப் பிடித்தேன். பக்கத்தில் நின்றவர் தும்மினார். பழக்கமான தும்மல். திரும்பினால், எங்கள் ஊர் விலக்குச் சைக்கிள் கடைக்காரர்.

"என்னண்ணே இங்கன?" என்றேன்.

"ஒரு சைக்கிள் ரிப்பேருன்னு கூப்புட்டாக."

"மாடியிலயா?"

அவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "நீ?" என்றார்.

"பல்வலி."

"ம்" என்றார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தவரை எங்கள் ரெண்டு பேர் வாயிலும் லாட்ஜ் என்ற சொல் வந்ததில்லை.

வைத்தியர் என் கையைப் பிடித்துக் கண்ணை மூடி, "நரம்புத் தளர்ச்சி" என்றார். வாசலில் நின்ற எல்லோருக்கும் அதையேதான் சொன்னார். நான் எப்படி வேலைக்குப் போகிறேன், எதில் போகிறேன் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் பிழைப்பும் முடிந்திருக்கும். கறுப்பாக ஒரு டப்பா லேகியம் கொடுத்தார். புளி ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, மீன் ஆகவே ஆகாது.

அன்றைக்குப் பூராவும் எனக்கு ஒரு மரப்பும் இல்லை! பஸ்ஸில் வரும்போதே ஒரு உருண்டை விழுங்கியிருந்தேன். ஊர் விலக்கில் இறங்கி ஓரமாக நின்று கிள்ளிப் பார்த்தேன், சுரீர் என்றது. மருந்து என்றால் இதுதான் மருந்து என்று லாட்ஜ் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். மறுநாள் சைக்கிளில் உப்பளத்துக்குப் போனேன். மரத்துவிட்டது. டோஸ் பத்தவில்லை என்று ரெண்டு உருண்டையாக்கினேன். இப்போது நினைத்தால், என் மூளையும் அதே சீட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வீட்டில் நான் மீனைத் தொடாததும் ஆத்தாவுக்குக் கவலை வந்துவிட்டது. "சாமியாராப் போயிருவானோ?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறாள். அக்கா தன் வீட்டுக்காரரை, அதாவது என் மச்சானை, கல்யாண வேலைக்கு ஒத்தாசை என்ற பெயரில் எனக்குக் காவலாக அனுப்பிவைத்தாள்.

எங்கள் பக்கம் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் யாரும் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். வீடு தேடிப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து ஒரு கலர் சோடா குடிக்க வேண்டும். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால், அதற்கு ஒரு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. பாதி ஊர்களுக்கு அப்போது பஸ் கிடையாது. உப்பளத்தில் எனக்கு லீவு இல்லை. அதனால் மச்சான் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்திரிகை வைக்கக் கிளம்பினார். நான் உப்பு லாரியில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன்.

அந்த வாரம் நான் மனிதனானேன். மரப்பு அடியோடு போயிற்று. லாரியின் மேல் நின்று கச்சான் காற்றில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். லேகியம் ஜெயித்துவிட்டது, கல்யாணம் நடக்கும்!

வாரக் கடைசியில் மச்சான் வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கால் ரெண்டையும் அகட்டி, நடுவில் ஒரு குடத்தை இடுக்கிக்கொண்டு நடப்பது போல நடந்தார். என்னைக் கண்ணால் கூப்பிட்டு ஆட்டுக் கொட்டடிக்குப் பின்னால் கொண்டுபோனார். முகம் வெளுத்திருந்தது.

"மாப்ள, ஒங்க அக்காகிட்டச் சொல்லிராத."

"என்ன மச்சான்?"

"எனக்கு... அங்கன... செத்துப்போச்சு."

"எங்கன?"

அவர் ஆட்டைப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்தது.

"மரத்துப்போச்சுடா! கிள்ளுனாத் தெரியல. நாலு நாளாக் கிள்ளுறேன்."

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இது ஒட்டுவாரொட்டி! என்னிடமிருந்து மச்சானுக்குத் தொற்றிவிட்டது. இனி மச்சானிடமிருந்து பத்திரிகை வாங்கிய அத்தனை ஊருக்கும் பரவும். ஆவணிக்குள் இந்தத் தாலுகாவில் ஒரு ஆம்பிளை மிஞ்சமாட்டான்.

"மச்சான், ஒங்களுக்கு எப்ப எப்ப மரக்குது?"

"வண்டிய விட்டு எறங்குன ஒடனே. கொஞ்ச நேரங் கழிச்சுச் சரியாப் போயிருது. அடுத்த ஊருல எறங்குனா மறுபடியும் போயிருது."

வண்டியை விட்டு இறங்கினால். அந்த வார்த்தை என் காதில் விழுந்து, உள்ளே இறங்கி, மெதுவாக உட்கார்ந்தது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. சீட்டின் மூக்கு எங்களைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. கீழே செவலை நாய் படுத்திருந்தது.

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சொந்தக்காரர் ஒருவர் படும் கஷ்டத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

"நான் இங்கன உசுரு போயிக் கெடக்கேன், ஒனக்குச் சிரிப்பா வருதா?" என்று மச்சான் துண்டால் அடித்தார்.

"ஒங்களுக்காச்சும் ரெண்டு பிள்ள பெறந்து நடந்துட்டு இருக்கு மச்சான். நான் லாட்ஜு வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்" என்றேன். லேகியக் கதை முழுவதையும் கொட்டினேன். அப்புறம் அவர் சிரித்தார். நடுநடுவே நின்று, கிள்ளிப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாளே சாயல்குடிக்குப் போய் அதே மாதிரி தோல் சீட்டு ஒன்று வாங்கினோம். உட்கார்ந்து பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருசம் நான் உட்கார்ந்தது உட்காருவதே இல்லை. அய்யாவுக்கும் தெரியக்கூடாது, ஆத்தாவுக்கும் தெரியக்கூடாது. ஒருவருக்குக் கௌரவம் போய்விடும், இன்னொருவருக்குச் சைக்கிள் போய்விடும். அதனால் பழைய சீட்டின்மேல் கிடந்த குஞ்சம் வைத்த அழுக்கு உறையைப் புதுச்சீட்டுக்கு மாட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் அதே தரித்திரம்தான். பழைய சீட்டை ஊருணிக்குப் பின்னால் கருவேலங்காட்டுக்குள் கைக்கு எட்டிய மட்டும் வீசினேன்.

அய்யா அடுத்த நாள் என்னமோ ஆசை வந்து, முழங்கால் வலியையும் பார்க்காமல் கடைவரைக்கும் சைக்கிளை எடுத்துப் போனார். திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஏலே! நான் சொன்னனா இல்லையா? எண்ணெய் போட்டதும் தோலுக்கு உசுரு வந்துருச்சு பாத்தியா? பூ மாதிரி இருக்குடா. மாத்தணும் மாத்தணும்னு குதிச்சியே!"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா அய்யா, அந்தக் காலத்துத் தோலு" என்றேன். மச்சான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கொட்டடிக்குப் பின்னால் போய்விட்டார்.

அதோடு விட்டாரா? பெண் வீட்டிலிருந்து பந்தல், சமையல் பற்றிப் பேச வந்தார்கள். எனக்கு மாமனாராகப் போகிற மிளகாய் வியாபாரி, கூட அவர் சொந்தக்காரர்கள் ரெண்டு பேர். எங்கள் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். சைக்கிளைக் கண்ணில் படாமல் மறைக்க வேண்டும் அல்லது இன்னும் மோசமாகக் காட்ட வேண்டும் என்று ஆத்தா நெளிந்துகொண்டிருந்தாள். அய்யாவோ எழுந்து போய் அதை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி ஸ்டாண்டு போட்டார்.

"சம்பந்தி, ஒங்களுக்குத்தான் சைக்கிளப் பத்தித் தெரியும். இந்தச் சீட்ட அமுக்கிப் பாருங்க. இவன் பெறந்து தவழ்ந்தப்ப வாங்குனது. உப்புத் தண்ணியில ஊறுன தோலு. இன்னும் அசையல பாருங்க!"

மாமனார் உறைக்கு மேலேயே ஒரு அமுக்கு அமுக்கினார். புருவம் ஒன்று மேலே போனது. "அட, நேத்து வாங்குனது கெணக்கா இருக்கே" என்றார்.

"அதான சொல்றேன்!"

அப்போது தெருவில் ஏதோ இழுபடுகிற சத்தம். சரக், சரக் என்று இரும்பு மண்ணைக் கீறும் சத்தம். செவலை நாய் வந்துகொண்டிருந்தது. ஒரு அடி இழுக்கும், நின்று மூச்சு வாங்கும், மறுபடியும் ஒரு அடி இழுக்கும். வாயில் சீட்டின் மூக்கு. ரெண்டு ஸ்பிரிங்கும் பின்னால் தரையில் உருண்டு வந்தன. கருவேலங்காட்டிலிருந்து முள்ளில் மாட்டி, கல்லில் முட்டி, அந்தச் சுறா எண்ணெய்ப் பொக்கிசத்தை அது எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. வழக்கமாகப் படுக்கிற இடத்தில், சைக்கிளுக்குக் கீழே, அதைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. மேலே ஒரு சீட்டு, கீழே ஒரு சீட்டு.

அய்யா கீழே இருந்ததைப் பார்த்தார், மேலே இருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏன் மாற்றினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? சொன்னால், மாப்பிள்ளை லாட்ஜுக்குப் போன கதை வரும். அது வந்தால் பெண் தருவார்களா? மச்சான் மறுபடியும் ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகையையெல்லாம் திரும்ப வாங்குகிற மாதிரி எனக்குக் கண்ணில் தெரிந்தது.

மாமனார் குனிந்தார். நாய் உறுமியதைச் சட்டை செய்யாமல் பழைய சீட்டைக் கையில் எடுத்தார். தொட்டில் மாதிரித் தொங்கிய தோலில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். இரும்பு விளிம்பைத் தடவினார். மூக்கைத் தடவினார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் அப்போதும் காலைக் கொஞ்சம் அகட்டித்தான் நின்றேன், பழக்கதோசம். பக்கத்தில் மச்சானும் அதே மாதிரி நின்றார்.

சந்தைக்குச் சந்தை மிதித்த மனிதர். அவருக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நல்ல வேளை மாத்துனீக மாப்ள" என்றார், தாழ்ந்த குரலில். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆவணிக்கு முன்னாடியே மாத்திட்டீக" என்றார். கூட வந்த ரெண்டு பேரும் கட்டிலில் மல்லாந்து விழுந்து சிரித்தார்கள்.

அய்யா மட்டும் சிரிக்கவில்லை. சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி, நாயின் பல் பட்ட இடத்தைத் துடைத்து, ஒரு அமுக்கு அமுக்கினார். "இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே கொண்டுபோய்ப் பரணில் வைத்தார். செவலை நாய் கல்யாணம் முடிகிறவரை பரணுக்கு நேர்கீழே படுத்திருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஆத்தா பயந்தபடி சுவர்க் கடிகாரம் வரவில்லை, சைக்கிளே வந்தது. எங்கள் பக்கம் சீர் இன்னின்னது என்று மைக்கில் சொல்வது வழக்கம். குத்துவிளக்கு, பித்தளை அண்டா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்று, துண்டுத்தாளை மறுபடியும் உற்றுப் பார்த்து, பக்கத்தில் யாரையோ கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளைக்குப் புதுச் சைக்கிள் ஒண்ணு... சீட்டு ரெண்டு!"

சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டிருந்தது. கேரியரில் மஞ்சள் துணியில் சுற்றிக் கட்டிய இன்னொரு தோல் சீட்டு. மாற்றுவதற்கு இனி யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டாம் என்று மாமனார் நினைத்திருக்கிறார். காரணம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். பந்தலின் மூலையில் எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் ஒரு சுவரைப் பார்த்து நின்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் அவளும் குனிந்துதான் இருந்தாள். பாவம், இந்தக் கூத்தில் வெட்கப்பட்டு அழுகிறாளோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். தோள் குலுங்கியது, மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. அழவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் அக்காவிடம் சொல்லியிருக்கிறார், அக்கா அவளிடம் சொல்லியிருக்கிறாள், மொத்தத்தையும்.

மைக் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காதபடி, நிமிராமலே, என் பெண்டாட்டி என்னிடம் முதன்முதலாகப் பேசினாள்.

"லேகியம் மிச்சம் இருக்கா?"